யானை உட்கார்ந்த வண்டியின் பின்கண்ணாடி

போன வாரம் வந்தவாசியிலிருந்து ஒரு கண்ணாடிக் கடைக்காரர் என் கைப்பேசிக்குப் படம் ஒன்று அனுப்பியிருந்தார். முன்பக்கம் ஜீப் போல உயரமாக இருந்து, நடுவிலிருந்து கூரை பின்னுக்குச் சறுக்குமரம் மாதிரிச் சரிந்து இறங்கும் ஒரு கார். கூடவே ஒரு குரல் பதிவு: “அண்ணே, இந்த வண்டிக்குப் பின்கண்ணாடி எங்கயுமே கெடைக்கல. கம்பெனில இந்த மாடலையே நிறுத்திட்டாங்களாம். ஆரணியில நீங்க ஒண்ணு மாட்னீங்கன்னு சொல்றாங்க. எப்படிண்ணே மாட்னீங்க?”

எப்படி என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் இரண்டும் மடங்க மாட்டேன் என்றதால் விட்டேனே தவிர, கைக்கு இன்னும் ஆசை போகவில்லை. தெருவில் நிற்கும் கார்களின் கண்ணாடி ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதும், வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்குவதும் இப்போதைய பொழுதுபோக்கு.

எங்கள் வீடு சேவூரில். வீட்டில் இரண்டு தறி. இரண்டிலும் அண்ணன்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது தறி போட இடம் இல்லை. எனக்கு ஒரே இடத்தில் உட்காரும் பொறுமையும் இல்லை. வேலூரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் கண்ணாடி, ஓரத்தைச் சுற்றிய ரப்பர் பட்டையில், அதாவது பீடிங்கில்தான் நிற்கும். பீடிங் இடுக்கில் கயிற்றைச் செருகி, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளேயிருந்து ஒருவன் கயிற்றை இழுக்க, வெளியே இன்னொருவன் உள்ளங்கையால் தட்டினால் கண்ணாடி தானாகப் போய் உட்காரும். மூன்று வருடம் தட்டினேன். பிறகு ஆரணிக்கே திரும்பி, கரீம் பாயின் கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். வேலையை விடும்வரை அங்கேதான் இருந்தேன்.

கரீம் பாய் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு செய்தவனுக்கு முதலில் டீ வரவழைப்பார். அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து வேறு கதை பேசுவார். டம்ளரைக் கீழே வைத்ததும், “குடிச்சியா? இப்ப சொல்லு. எங்க வுட்ட?” என்பார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். எங்கள் கடையில் யாருக்காவது நேரம் கெட்ட நேரத்தில் டீ வந்தால் மற்ற எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வோம்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கண்ணாடி மாட்டி முடித்த வண்டிமேல் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கும்போது, மாட்டினவன்தான் உள்ளே உட்கார வேண்டும். அதுவும் வெள்ளைச் சட்டையோடு. அதற்கென்றே கடையில் ஆணியில் ஒரு சட்டை தொங்கும். பீடிங் போய், கண்ணாடியைப் பசையால் ஒட்டும் காலம் வந்த புதிதில் நான் மாட்டிய முதல் வண்டி ஒரு பள்ளிக்கூட வேன். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை சிஸ்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாய் குழாயைத் திறந்தார். மேலே மூலையிலிருந்து ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு ஒரு கோடாகவே இறங்கி என் மடியில் விழுந்தது. நான் கதவைத் திறந்து இறங்கியபோது என் கோலத்தைப் பார்த்த சிஸ்டர் சட்டென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு டீ வந்தது.

அதற்குப் பிறகு என் கண்ணாடி எதுவும் ஒழுகவில்லை. ரொம்ப நாள்வரை கோணலாகவும் உட்காரவில்லை. நான்கு ஓரத்திலும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில் பாயை விட நான் பைத்தியமாகிப் போனேன்.

இப்போது அந்தச் சரிந்த வண்டிக்கு வருகிறேன்.

அது டாக்டர் எஸ்தருடையது. மாட்டு டாக்டர். வெம்பாக்கம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஆரணியில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பாதி நாள் ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டார். பெரணமல்லூர், வெம்பாக்கம் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். ஏரிக்கரை, வயல்வழி எல்லாவற்றிலும் ஏறி இறங்க உயரமான வண்டி வேண்டும் என்று, சென்னையில் யாரிடமோ இதைப் பழைய வண்டியாக வாங்கி வந்தார். அந்த மாடல் ரொம்ப நாள் ஓடவில்லை. ஜீப் வேண்டுமென்றவர்கள் பின்னால் சாமான் வைக்க இடம் போதவில்லை என்றார்கள். கார் வேண்டுமென்றவர்கள் இவ்வளவு உயரம் எதற்கு என்றார்கள். யாரும் வாங்காததால் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. ஆரணியில் அந்த வண்டிக்கு வேறு பெயர்: யானை உட்கார்ந்த வண்டி. நல்ல வண்டியாகத்தான் இருந்ததாம், பின்னால் ஒரு யானை உட்கார்ந்து எழுந்ததாம். டாக்டர் இதைக் கேட்டுச் சிரிப்பார். “யானை நம்ம பேஷண்ட்தான், உட்காரட்டும்” என்பார்.

ஒருநாள் அந்த வண்டி பின்கண்ணாடி இல்லாமல் எங்கள் கடைக்கு வந்தது.

“என்னாச்சு டாக்டரம்மா?” என்றேன்.

“கால் உடைஞ்ச கிடா ஒண்ண பின்னாடி ஏத்திகினு வந்தேன்ண்ணா. மருந்துக் கடையில ரெண்டு நிமிஷம் நிறுத்தினேன். அதுக்குள்ள எழுந்து நின்னுடுச்சு. கூரை சரிவா இருக்கா, தலை இடிச்சிருக்கு. அதுக்குக் கோபம் வந்துடுச்சு.”

“கிடாவுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“அது ஜம்முனு கீது. கண்ணாடிதான் கல்கண்டு மாதிரி ஆயிடுச்சு.”

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளோடு சேர்த்து ஒட்டியது. உடைந்தாலும் விரிசலோடு அப்படியே நிற்கும். பின்கண்ணாடி அப்படி இல்லை. ஒரே கண்ணாடியைச் சூடுபடுத்திக் கடினமாக்கியது. நடுவில் குத்தினாலும் தாங்கும்; ஆனால் ஓரத்தில் ஓர் இரும்பு நுனி உரசினால் போதும், மொத்தமும் பொடிந்துபோகும். அதை வெட்ட முடியாது, துளை போட முடியாது. அந்த வண்டிக்கென்று வார்த்த கண்ணாடியேதான் வேண்டும். வார்ப்பதையோ கம்பெனி நிறுத்திவிட்டது.

தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டினோம். பத்தே நாளில் அது புகை படிந்த மாதிரி மங்கிவிட்டது. பின்னால் பார்க்க முடியாமல் டாக்டர் ஒரு வைக்கோல் போரில் போய் வண்டியைச் சொருகிவிட்டார். மழைக்காலம் நெருங்கியது. நான் தெரிந்த கடைகளுக்கெல்லாம் படம் அனுப்பினேன். கடைசியில் சென்னைக்கு வெளியே ஒரு காயலான் கடையில் அதே வண்டி ஒன்று கிடப்பதாகச் செய்தி வந்தது. பின்னால் லாரி இடித்து டிக்கிக் கதவின் கீழ்ப்பாதி நசுங்கியிருந்தது. கண்ணாடி மட்டும் எப்படியோ முழுசாக இருந்தது.

கதவையே கழற்றிக்கொண்டு வரலாம் என்றால் அது நசுங்கி இறுகிக் கிடந்தது. கண்ணாடியைத்தான் தனியாகப் பிரிக்க வேண்டும். “நானும் வர்றேன்” என்றார் பாய். அறுபத்தைந்து வயது அவருக்கு. “உள்ள படுத்துகினு இழுக்கறதுக்கு ஆள் வேணும்பா. அங்க போய் யாரைத் தேடுவ?”

பசையை அறுக்க வழக்கமாக நாங்கள் பயன்படுத்துவது இரும்புக் கம்பி. இதில் கம்பி ஓரத்தைத் தொட்டால் வந்த வேலை போச்சு. அதனால் மீன் பிடிக்கும் தடித்த பின்னல் நூலை வாங்கிப் போனோம். டிக்கியின் சரிவுக்கு அடியில் பாய் மல்லாந்து படுத்தார். நான் வெளியே. பசையில் சின்ன ஓட்டை போட்டு நூலை உள்ளே விட்டேன். அவர் இழுக்க, நான் விட. நான் இழுக்க, அவர் விட. இடையிடையே சோப்புத் தண்ணீர். ஒரு சாண் அறுபட அரை மணி நேரம் ஆனது. வண்டிக்குள் சூடு கொளுத்தியது. ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் நூலை நிறுத்திவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்போம். உடையப் போகும் கண்ணாடி முதலில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வரவில்லை.

கடைசி அங்குலமும் அறுந்ததும், கண்ணாடி லேசாக எழும்பி என் கைக்கு வந்தது. உள்ளிருந்து பாயின் குரல் வந்தது: “வந்துச்சா?”

“வந்துடுச்சு பாய்.”

“அப்ப என்னையும் கொஞ்சம் வெளிய எடு. இடுப்பு புடிச்சிகிச்சு.”

புடவைப் பெட்டிகளைச் சென்னைக் கடைகளில் இறக்கிவிட்டு ஆரணிக்குத் திரும்பும் வேன் ஒன்றைப் பிடித்தோம். காலி அட்டைப் பெட்டிகளைப் பரப்பி, அதன்மேல் கம்பளி விரித்து, கண்ணாடியை நடுவில் படுக்க வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வந்தோம். புதுப்பெண்ணைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாக ஊருக்குக் கூட்டி வந்திருக்க மாட்டார்கள்.

மாட்டிய நாள் எனக்கு ஒவ்வொரு நிமிடமும் நினைவிருக்கிறது. காலையில் மேகம் மூடியிருந்தது, மழை இல்லை. கதவில் ஒட்டியிருந்த பழைய பசையை அடியோடு சுரண்டாமல், இரும்புத் தகட்டுக்கு மேல் மெல்லிய ஒரு படலம் விட்டுச் சீவினேன். அதன்மேல்தான் புதுப் பசை நன்றாகப் பிடிக்கும். பஞ்சு உதிராத துணி என்பதால் துடைக்க எப்போதும் பட்டுத் துண்டுதான். பட்டு நெய்யும் எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? கண்ணாடி ஓரத்தில் பசை பிடிப்பதற்கான கறுப்பு பிரைமர் பூசி, காயும்வரை கை கட்டி நின்றேன். பிறகு பசையை முக்கோண வடிவில், நடுவில் எங்கும் அறுபடாமல், ஒரே இழுப்பாக நான்கு பக்கமும் போட்டேன். நானும் பாயும் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். இடைவெளி நான்கு பக்கமும் ஒரே அளவு. வெளியே நாடா ஒட்டி நிறுத்தினேன்.

“மாலை வரைக்கும் வண்டி நகரக்கூடாது டாக்டரம்மா. கதவை அறைஞ்சு சாத்தக்கூடாது, உள்ள இருக்கற காத்து கண்ணாடியத் தள்ளிடும்” என்றேன். டாக்டர் சரி என்று தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். மழை பிடித்துக்கொண்டது. அப்போது அவர் கைப்பேசி அடித்தது. பெரணமல்லூருக்கு அந்தப் பக்கம் கொல்லைமேட்டில் தனியாக வீடு கட்டியிருக்கும் அஞ்சலை என்ற பெண். அவள் பேசியது எங்களுக்கே கேட்டது.

“டாக்டரம்மா, காலைலருந்து மாடு முக்கிகினே கீதும்மா. ஒரு காலு மட்டும் வெளிய தெரியுது. வூட்டுக்காரரு பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்காரும்மா. எனக்கு ஒண்ணும் புரியல. ஜல்தியா வாங்கம்மா.”

டாக்டர் எழுந்துவிட்டார். ஆட்டோ நிறுத்தத்துக்குப் போன் செய்தோம். வழியில் ஏரித் தண்ணீர் ரோட்டுமேல் ஓடுகிறது, வர முடியாது என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். அந்தத் தண்ணீரில் போகும் உயரம் யானை உட்கார்ந்த வண்டிக்கு மட்டும்தான் இருந்தது.

டாக்டர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாய் சொன்னார்: “ஏழுமலை, அது உன் கண்ணாடி. நீதான் சொல்லணும்.”

தமிழ்நாட்டில் அந்தக் கண்ணாடி இன்னொன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதை எடுக்க இந்த மனிதர் அரை நாள் அடுப்புச் சூட்டில் மல்லாந்து கிடந்திருக்கிறார். வாயைத் திறந்தபோது என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

“போலாம் டாக்டரம்மா. நான் பின்னாடி படுத்துகினு புடிச்சிகினு வர்றேன். ஜன்னல் நாலும் எறக்கி வுடுங்க. பள்ளத்துல மெதுவா எறக்குங்க.”

கண்ணாடியைத் தூக்க நாங்கள் வைத்திருக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் இரண்டு உண்டு. அழுத்தினால் கவ்விக்கொள்ளும், பின்னால் கைப்பிடி இருக்கும். பின்சீட்டை மடித்துப் படுத்து, இரண்டையும் கண்ணாடியின் உட்பக்கத்தில் கவ்வ வைத்து, பஸ்ஸில் நின்றபடி போகிறவன் கம்பியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டேன். திறந்த ஜன்னல் வழியாக மழை முகத்தில் அடித்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டாக்டர் முன்னாலிருந்து, “குழிண்ணா!” என்று குரல் கொடுப்பார். நான் இறுக்கிப் பிடிப்பேன். ஒரு தடவை, “குழிண்ணா!” என்றவர், “இல்ல இல்ல, எருமை” என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தால் மூக்கில் தண்ணீர் போகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அஞ்சலை வீட்டை ஒட்டிய ஏரிக்கரைச் சரிவில், இடது சக்கரங்கள் தாழ்ந்திருக்க வண்டி நின்றது. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார். நான் கண்ணாடியைப் பிடித்தபடியே கிடந்தேன். சரிவு இடப்பக்கமாக இழுப்பது கையில் தெரிந்தது. வெளியே ஒட்டிய நாடாக்கள் மழையில் ஊறி ஒவ்வொன்றாக உரிந்து தொங்கின.

பத்து நிமிடம் போயிருக்கும். கொட்டகையிலிருந்து டாக்டர் குரல்: “அண்ணா, ஆள் வேணும். வாங்க!”

நான் கைப்பிடியை விடவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு மாடு கத்தியது. அது சாதாரணக் கத்தல் இல்லை. கைப்பிடிகளை விட்டுவிட்டு முன்கதவு வழியாக ஊர்ந்து இறங்கி ஓடினேன்.

மாடு பக்கவாட்டில் படுத்திருந்தது. அஞ்சலை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். டாக்டரின் வலது கை தோள்வரைக்கும் உள்ளே இருந்தது.

“ஒரு முன்னங்கால் மடிஞ்சிகினு இருந்துச்சு. கன்னுக்குட்டிய உள்ள தள்ளி, காலை நிமித்திட்டேன். ரெண்டு காலிலயும் கயிறு போட்டிருக்கேன். இழுங்க. நேரா இழுக்காதீங்க, கீழ்ப்பக்கமா இழுங்க. மாடு முக்கறப்ப மட்டும். அது நிறுத்தினா நீங்களும் நிறுத்திடணும். ஆனா கயிற வுட்டுடாதீங்க.”

கண்ணாடி வேலையும் இப்படித்தான். அவசரப்பட்டு இழுத்தால் போச்சு. மாடு முக்கியது; இழுத்தேன். நின்றது, நின்றேன். கால் சேற்றில் வழுக்கியது. அஞ்சலை மாட்டின் காதில், “இன்னும் கொஞ்சம்டி, இன்னும் ஒரே ஒரு வாட்டி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூக்கு தெரிந்தது, நெற்றி தெரிந்தது. பிறகு மொத்தமும் வழுக்கிக்கொண்டு என் மடிமேலேயே வந்து விழுந்தது. அசையவில்லை. டாக்டர் அதன் வாயைத் துடைத்து, ஒரு வைக்கோல் குச்சியை எடுத்து மூக்கில் விட்டுக் குடைந்தார். கன்று பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

அஞ்சலை சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். “பொட்டக் கன்னுண்ணா!” என்று டாக்டர் கத்தினார், ஏதோ தானே பெற்றது போல. நான் சேற்றில் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினேன். என் சட்டை இருந்த நிலையை அந்த சிஸ்டர் பார்த்திருந்தால் திரும்பிக்கொண்டு சிரிக்க இரண்டு தோள் போதாது.

வண்டிக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. கண்ணாடி இருந்தது. விழவில்லை, உடையவில்லை. விரலால் ஓரத்தைத் தடவினேன். ஈரம் பட்டால்தான் இந்தப் பசை சீக்கிரம் இறுகும், நன்றாகவே இறுகியிருந்தது. ஆனால் இடப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் சரிந்து இறுகியிருந்தது. வலப்பக்கம் இடைவெளி அகலம், இடப்பக்கம் ஒட்டினாற்போல. அத்தனை வருட வேலையில் நான் மாட்டிய முதல் கோணல் கண்ணாடி.

கடைக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் பாய் கண்ணாடியைச் சுற்றி வந்தார். இடப்பக்கம் குனிந்து பார்த்தார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு பையனை அனுப்பாமல் தானே எதிர்க் கடைக்கு நடந்து போய் டீ வாங்கி வந்தார். இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து மற்றொன்றை அவரே குடித்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

“கன்னுக்குட்டி இன்னா நிறம்?” என்றார்.

“செவலை பாய். நெத்தியில வெள்ளை.”

“ஹ்ம்” என்று எழுந்து, தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனார். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. கழற்றி மறுபடி ஒட்டட்டுமா என்று நான் கேட்டதற்கு டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “வேணவே வேணாம்ண்ணா. இந்தப் பேஜார் ஒரு தடவை பட்டது போதும்.”

நான்கு நாள் கழித்து அஞ்சலை ஆரணிக்கு வந்தாள், பெங்களூரிலிருந்து வந்துவிட்ட புருஷனையும் கூட்டிக்கொண்டு. கையில் தூக்குச்சட்டி நிறைய சீம்பால். டாக்டரும் அன்று கடையில்தான் இருந்தார். வெல்லம் போட்டுக் காய்ச்சிய சீம்பாலைப் பாய் எல்லோருக்கும் பங்கு வைத்தார். அஞ்சலை மட்டும் சாப்பிடாமல் வெளியே நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்னால் போய் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“இன்னாங்க இது, கண்ணாடி கோணலா கீதே! யாரு மாட்னது?”

பாய் வாயில் வைத்த சீம்பாலை விழுங்க முடியாமல் இருமினார். டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எழுந்து வெளியே போய், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

“நான்தாம்மா.”